இரண்டு லைட் ரயில்: கேட்காமல் வந்தது, கேட்காமல் போனது

திருகோணமலைக்குக் கோச்சி வந்தது 1927 இல். அடுத்த வருசம் மட்டக்களப்புக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதைக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர் 'மட்டக்களப்பு–திருகோணமலை லைட் ரயில்வே'. லைட் ரயில் என்றதும் இன்றைக்கு எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது கொழும்பில் தூணுக்கு மேலால் ஓட இருந்த மின்சார ரயில்தான். அன்றைக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு. மலிவாகப் போட்ட பாதை, அவ்வளவுதான். தண்டவாளம் மெலிசு, மண்வேலை குறைவு, வேகமும் குறைவு. அகலம் மட்டும் நாட்டின் மற்றப் பெரிய பாதைகளைப் போல ஐந்தரை அடி.

கொழும்பு லைட் ரயில் 2020 இல் ரத்தானது. முதலாவது வந்ததற்கும் இரண்டாவது போனதற்கும் இடையில் 93 வருசம். இந்த இடைவெளியில் ரயில் பாதைகளைப் பற்றிச் சனத்திடம் யார் கேட்டார்கள், பொறியியலாளரின் கணக்கை யார் சரிபார்த்தார்கள், அப்படிக் கேட்கவும் சரிபார்க்கவும் காசு யார் கொடுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பதுதான் எங்கட நோக்கம். திருமலைத் துறைமுகத்தைச் சுற்றி இன்னும் பல திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. அதனால் இது வெறும் பழங்கதை இல்லை.

முதலில் கொஞ்சம் பின்னுக்குப் போவம். இலங்கையில் ஒரு ரயில் திட்டத்துக்கு வெளியாளைக் கூப்பிட்டுச் செய்வித்த பெரிய ஆய்வு 1856–57 இல் நடந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போட வேண்டும் என்று கோப்பித் தோட்டக்காரர்கள் அரசாங்கத்தை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1854 இலேயே அவர்களுக்கென்று தோட்டக்காரர் சங்கம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கேப்டன் மூர்சம் என்ற பொறியியலாளர் வந்தார். கண்டிக்குப் போகக்கூடிய ஆறு வழிகளைப் பார்த்தார். 1857 மே மாதம் கொடுத்த அறிக்கையில் மூன்றாவது வழியே நல்லது என்று எழுதி, செலவு 8,56,557 பவுண் என்று கணக்குக் காட்டினார்.

1858 ஓகஸ்ட் 3 ஆம் திகதி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். பெரிய கொண்டாட்டம். அதற்குப் பிறகுதான் உண்மைக் கணக்கு வெளியே வந்தது. ஒப்பந்தக்காரர் டொய்னுக்கு அந்தக் காசுக்குள் வேலை முடியாது என்று விளங்கிவிட்டது. 1861 இல் ரயில்வே கம்பனியோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்து, அரசாங்கமே வேலையைக் கையில் எடுத்தது. பிறகு புதுக் கேள்விமனு கோரி, ஃபேவியல் என்பவரிடம் வேலை போய், 1867 இல் கண்டிக்கு ரயில் ஓடியது.

இந்தக் கதையில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்த 'ஆறு வழிகள்'. ஒரு பாதைக்கு ஆறு மாற்று வழிகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஏற்றம் இறக்கம், செலவு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நிபுணர் ஆய்வு. அந்த வகையில் மூர்சம் செய்தது சரியான வேலை. ஆனால் ஆறு வழியில் எது நல்லது என்பது யாருக்கு நல்லது என்ற கேள்வியோடு சேர்ந்தது. கோப்பிக்கு எது நல்லது என்று பார்த்தார்கள். அந்த மலையடிவாரத்துக் கிராமங்களில் வயல் செய்தவர்களிடம் கேட்க வேண்டும் என்ற யோசனையே அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு இல்லை.

1905 இல் வடக்குப் பாதை காங்கேசன்துறை வரை முடிந்தது. அதே 1905 இல்தான் பிரித்தானியக் கடற்படை செலவைக் குறைக்கிறோம் என்று திருகோணமலைக் கப்பல் பட்டறையை மூடியது. உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த துறைமுகம், பட்டறையும் இல்லாமல் ரயிலும் இல்லாமல் இருந்தது. வியாபாரக் கப்பல்களைக் கொழும்பு எடுத்துக்கொண்டது. 1875 இல் தொடங்கிய கொழும்பு அலைதடுப்பு 1885 இல் முடிந்த பிறகு காலித் துறைமுகமும் படுத்துவிட்டது, திருமலைக்கும் வியாபாரத் துறைமுகமாக எழும்பச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. 1914 இல் தலைமன்னாருக்குப் பாதை போய், இந்தியாவுக்குக் கப்பலோடு சேர்ந்த பயணம் தொடங்கியது. கிழக்கு மாத்திரம் காத்துக்கொண்டிருந்தது.

அப்படிக் காத்திருந்து வந்ததுதான் 1927 பாதை. மாகோ சந்தியில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து, ஹபரணை தாண்டி, கல் ஓயாச் சந்திக்கு வரும். அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு. மற்றது கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று ஏறக்குறைய 70 கிலோமீற்றர் ஓடித் திருமலைக்கு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ. பெயரில் மட்டக்களப்பும் திருகோணமலையும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. நிலத்தில் அப்படி இல்லை. திருமலையில் ஏறி மட்டக்களப்புக்குப் போக வேண்டியவர் முதலில் எதிர்ப்பக்கமாக மேற்கே கல் ஓயாவுக்குப் போய், இறங்கி, வேறு வண்டி பிடித்துத் திரும்பவும் கிழக்கே வர வேண்டும். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாக இருக்கிற ஊர் ஒன்றுக்கும் இந்த ரயில் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததே 2009 இல். அதுவரைக்கும் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற சனம் அது. எங்கட பக்கத்தில் 'பாதை' என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை என்பது வெளியூர் வாசகர்களுக்கு.

இதற்கு ஒரு பொறியியல் நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. மகாவலி கொட்டியாரக்குடாவில் வந்து விழுகிறது. அதன் கிளை வெருகலில் இறங்குகிறது. கரையோரம் முழுக்கக் களப்பும் ஆற்று வாயும். அங்கே பாலங்கள் போட்டு ரயில் விடுவதற்கு 'லைட்' கணக்குப் போதாது. காட்டுக்குள்ளால் போவது மலிவு. ஆனால் மலிவு என்ற அந்த ஒரு காரணத்தால் மட்டும் பாதை இப்படி அமையவில்லை. இரண்டு கிளையும் கொழும்பைப் பார்த்துத்தான் கிடக்கின்றன. கிழக்கு ஊர்களை ஒன்றோடொன்று சேர்ப்பது அந்தப் பாதையின் வேலையாக இருக்கவே இல்லை. கிழக்கின் நெல்லையும் மீனையும் கொழும்புக்குக் கொண்டு போவதும், கொழும்பின் அதிகாரத்தைக் கிழக்குக்குக் கொண்டு வருவதும்தான் வேலை. சீனக்குடாவில் கடற்படையின் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் எழும்பிய காலமும் ஏறக்குறைய இதுதான்.

அன்றைக்குச் சனத்திடம் கேட்டார்களா? கேட்பதற்கு வழியே இருக்கவில்லை. 1927 இல் சட்டசபைக்கு வாக்குப் போடக்கூடியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். படிப்பும் சொத்தும் வருமானமும் உள்ள ஆம்பிளைகள். எல்லாருக்கும் வாக்குரிமை 1931 இல் வந்தது. அதற்கு வழி செய்த டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்திறங்கியது 1927 நவம்பரில், அதாவது திருமலைக்கு ரயில் வந்த அதே வருசம். அரசியலமைப்பை எப்படி மாற்றலாம் என்று அவர்கள் சங்கங்களையும் தூதுக்குழுக்களையும் கூப்பிட்டுச் சாட்சியம் கேட்டார்கள். ஒரு நாட்டின் ஆட்சிமுறையைப் பற்றிக் கேட்கலாம் என்றால் ஒரு ரயில் பாதையைப் பற்றியும் கேட்டிருக்கலாம்தானே என்று எங்களுக்குத் தோன்றும். ஆனால் பாதை, குளம், துறைமுகம் எல்லாம் பொதுவேலைப் பகுதியின் சொந்த விசயம் என்றுதான் வெள்ளைக்காரன் நினைத்தான். அவனுக்குப் பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் அப்படியே நினைத்தார்கள் என்பதுதான் எங்கட கவலை.

ரயில் வந்த பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1942 இல் சிங்கப்பூர் விழுந்ததும் திருமலை திரும்பவும் பெரிய கடற்படைத் தளமானது. ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டு போட்டு அடித்தன. 1957 இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. பாதையோரக் கந்தளாயில் குடியேற்றத் திட்டம் விரிந்தது, சீனித் தொழிற்சாலை வந்து பிறகு மூடுப்பட்டது. சீனக்குடாவில் பிறிமா மா ஆலை வந்தது. மா மூட்டைகள் ரயிலில் ஏறின. யுத்த காலத்தில் ரயில் ஓடிய நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. பாதை யாரைக் கொண்டு வந்தது, யாரைக் கொண்டு போனது என்பது இந்த மாவட்டத்தில் இன்றைக்கும் மெல்லிய குரலில் கதைக்கிற விசயம். காணிப் பிரச்சினையைத் தனியாக எழுத வேண்டும், இங்கே விட்டுவிடுகிறோம்.

சட்டத்துக்கு வருவம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், 30 நாள் கருத்துச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். எந்தெந்தத் திட்டங்களுக்கு இது பொருந்தும் என்று 1993 இல் வந்த வர்த்தமானிப் பட்டியலில் ரயில் பாதை அமைப்பதும் இருக்கிறது. ஆக, கேட்பது என்பது இப்போது சட்டம். ஒருவரின் நல்ல மனசைப் பொறுத்த விசயம் இல்லை.

ஆனால் அந்த அறிக்கையை எழுதிக்கொடுக்கிற ஆலோசகருக்குக் காசு கொடுப்பது யார்? திட்டத்தைச் செய்ய வருகிறவர்தான். தன் வீட்டுச் சாதகத்தைத் தானே எழுதுவிப்பது மாதிரி. ஆலோசகர்கள் எல்லாம் பொய்யர் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாக எழுதப்பட்ட அறிக்கைகளும் இருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஒன்றை 30 நாளில் பிரதேச செயலகத்தில் உட்கார்ந்து வாசித்து, அதில் உள்ள நீரோட்டக் கணக்கு சரியா என்று சொல்ல ஒரு மீனவர் சங்கத்தால் முடியாது. அவர்களுக்காக வாசித்துச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். சட்டம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இது எங்கட மாவட்டத்தில் எப்படி நடந்தது என்று பார்க்கச் சம்பூர் போதும். அது ரயில் இல்லை, அனல் மின்நிலையம். 2006 இல் குண்டுவீச்சில் இடம்பெயர்ந்த சனத்தின் காணி உயர்பாதுகாப்பு வலயமாகி, அங்கே இந்தியாவின் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டத் திட்டம் போட்டன. சுற்றாடல் அறிக்கை 2015 இல் பார்வைக்கு வந்தது. கொட்டியாரக்குடாவின் சூடான நீர், சாம்பல், மீன் என்று கேள்விகள் எழும்பின. ஊர்ச் சனம் எதிர்த்தது, சுற்றாடல் அமைப்பு உயர்நீதிமன்றம் போனது. 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின்சாரம், 2025 ஏப்ரலில் தொடக்கவிழா. 2016 இல் சனமும் நிபுணர்களும் ஒரே பக்கம் நின்றதால்தான் அது முடிந்தது. அதற்கு அரசாங்கம் ஒரு சதமும் கொடுக்கவில்லை, எல்லாம் தொண்டு.

கொழும்பு லைட் ரயிலின் கதை நேர்மாறானது. கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். காசு யப்பானின் ஜெய்க்கா நிறுவனம். 2019 மார்ச்சில் முதல் கட்டத்துக்கு 30 பில்லியன் யென்னுக்குக் கொஞ்சம் கூடக் கடன் ஒப்பந்தமானது, வட்டி 0.1 சதவீதம், 40 வருசத்தில் திருப்பிக் கொடுப்பது. ஜெய்க்காவின் விதிப்படி பெரிய பாதிப்புள்ள திட்டங்களின் சுற்றாடல் அறிக்கையை ஒப்பந்தத்துக்கு 120 நாளுக்கு முன்னமே வெளியிட வேண்டும். எங்கட சட்டம் தருவது 30 நாள், கடன் தருகிறவன் தருவது 120 நாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை.

அறிக்கை, ஆய்வு, கருத்துக் கேட்டல் எல்லாம் முடிந்த அந்தத் திட்டம் 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலாளரின் ஒரு கடிதத்தோடு நின்றது. செலவு கூடிப்போச்சு, பொருத்தமான தீர்வு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். செலவு கூடுதலாக இருந்திருக்கலாம். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது கூடுதல் என்று கணக்குப் போட்ட ஆய்வு எங்கே? போடுவதற்கு வருசக்கணக்காக ஆய்வு தேவைப்பட்ட ஒரு பாதையை, நிறுத்துவதற்கு ஆய்வே தேவையில்லை என்று யார் சொன்னது? கணக்காய்வாளர் நாயகம் பிறகு விசேட அறிக்கை எழுதினார். செலவான காசு, கேட்கப்படும் நட்டஈடு எல்லாம் அப்போதுதான் பகிரங்கமாகக் கதைக்கப்பட்டது. செத்த பிறகு எடுத்த பிரேத பரிசோதனை.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்? கலிபோர்னியாவில் 2008 இல் அதிவேக ரயிலுக்காக 9.95 பில்லியன் டொலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாதை தங்கட ஊருக்கு நடுவால் உயரத் தூணில் நாலு தண்டவாளமாகப் போகப் போகிறது என்று தெரிந்ததும், பாலோ ஆல்டோ, மென்லோ பார்க் உட்பட ஐந்து சிறு நகரங்கள் 2009 இல் ஒரு கூட்டணி அமைத்தன. நகரசபைகள் தங்கட வரிப்பணத்தில் கூட்டம் வைத்தன. பாலோ ஆல்டோ சொந்தமாகப் பொறியியலாளர்களை அமர்த்தி ரயில் அதிகாரசபையின் வரைபுகளைச் சரிபார்ப்பித்தது. கடைசியில் அந்தப் பகுதியில் இருக்கிற பயணிகள் ரயிலின் தண்டவாளத்தையே பகிர்ந்துகொள்வது என்று 2012 இல் முடிவானது. பெருமளவில் செலவு குறைந்தது. நகரசபை செலவழித்த காசு அதற்கு முன்னால் தூசு. ஆனால் ஒன்று: அவை பணக்கார ஊர்கள். வீட்டு விலை இறங்கிவிடும் என்ற பயம்தான் அங்கே பாதி உந்துதல். நிபுணரைக் கூலிக்கு எடுக்க வசதியுள்ள ஊருக்கே குரல் கிடைக்கிறது என்றால் அதுவும் நியாயமில்லை.

ஜேர்மனியில் ஷ்டுட்கார்ட் நகர நிலையத்தை நிலத்தடிக்கு மாற்றும் திட்டம். 2010 செப்டெம்பரில் எதிர்த்தவர்கள்மேல் பொலிஸ் தண்ணீர் பீய்ச்சிய பிறகுதான் பேச உட்கார்ந்தார்கள். ஹைனர் கைஸ்லர் என்ற மூத்த அரசியல்வாதி நடுவராக இருக்க, இரண்டு பக்க நிபுணர்களும் வாதாடியது தொலைக்காட்சியில் நேரடியாகப் போனது. சுவிஸ் நிறுவனம் ஒன்று ரயில் நேர அட்டவணையை வைத்துச் சோதித்தது. 2011 நவம்பரில் வாக்கெடுப்பு, கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர் திட்டத்திலிருந்து விலக வேண்டாம் என்றார்கள். எதிர்த்தவர்கள் தோற்றார்கள். அதற்குப் பிறகு 4.5 பில்லியன் யூரோ என்று சொன்ன செலவு 11 பில்லியனைத் தாண்டிவிட்டது. கேட்டுச் செய்தாலும் பிழைக்கலாம் என்பதற்கு இது சாட்சி. ஆனால் யார் என்ன கணக்குச் சொன்னார் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், அது பெரிய விசயம்.

எங்களுக்குக் கிட்டக் கேரளம். காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஏறக்குறைய 530 கிலோமீற்றர் சில்வர்லைன், 63,941 கோடி இந்திய ரூபா. வீட்டு முற்றத்தில் மஞ்சள் கல் நட வந்தபோது சனம் பிடுங்கி எறிந்தது. 2022 ஏப்ரல் 28 ஆம் திகதி கே-ரயில் நிறுவனம் ஆதரவும் எதிர்ப்புமாக நிபுணர்களை வைத்து விவாதம் நடத்தியது. அதற்கு முன்னமே, முதற்கட்ட ஆய்வில் வேலை செய்து பிறகு திட்டத்தை விமர்சித்த அலோக் வர்மா விலகிக்கொண்டார். எங்களைக் கவர்ந்தது அந்த விவாதம் இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் தானே திட்டத்தை ஆய்வுக்கு எடுத்தது. ஆசிரியரும் பொறியியலாளரும் விஞ்ஞானியும் சேர்ந்த அமைப்பு அது. பாலோ ஆல்டோ காசால் செய்ததை அவர்கள் ஆட்பலத்தால் செய்தார்கள். திருமலைக்கு ஒத்துவருவது இந்த வழிதான் என்று நினைக்கிறோம்.

ஏன் இப்போது? 2023 யூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்கு இந்தியாவிலிருந்து தரைவழித் தொடர்பு, அதற்குச் சாத்தியக்கூற்று ஆய்வு என்று எழுதியிருக்கிறது. எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 சனவரியில் ஒப்பந்தம் வந்தது: 99 இல் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்து. குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்குப் புதுப் பாதை என்ற பழைய திட்டமும் இருக்கிறது. அது வந்தால் எங்கட இரவு மெயிலின் மாகோச் சுற்று மிச்சம். எல்லாம் நல்லதாகவே இருக்கலாம். தரைவழி என்றால் வீதியா ரயிலா? ரயில் என்றால் தண்டவாளம் தம்பலகாமத்து வயலால் வருமா, பழைய பாதையை அகலமாக்குவார்களா, கரையோரமாக மூதூருக்கு ஒரு கிளை என்ற 1927 இல் எழும்பாத கேள்வி இந்த முறையாவது எழும்புமா?

பதில் சொல்ல வேண்டிய மாகாணசபை 2017 செப்டெம்பரில் காலம் முடிந்த பிறகு தேர்தல் இல்லாமல் கிடக்கிறது. ரயில் அதன் அதிகாரத்துக்குள் வரவும் இல்லை. 2025 இல் மாநகரசபையான எங்கட நகரசபைக்கும் ரயிலில் அதிகாரம் இல்லை. ஆனால் கூட்டம் வைக்கலாம், தீர்மானம் போடலாம், மூன்று இனத்தவரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைக்கலாம். நிபுணர் வேண்டும் என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, பொறியியல் பீடங்கள் ஒலுவிலிலும் கிளிநொச்சியிலும் பேராதனையிலும் இருக்கின்றன. ஒரு ஆய்வுக் குழுவின் பஸ் காசும் சாப்பாடும் ஒரு மாநகரசபைக்குப் பெரிய தொகை இல்லை.

நிபுணர் என்று சொல்லும்போது பட்டம் பெற்றவரை மட்டும் நாங்கள் நினைக்கவில்லை. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி கல் ஓயாப் பக்கம் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. 2018 செப்டெம்பரில் ஹபரணையில் எண்ணெய் ரயில் மோதி மூன்று. எந்த வளைவில் சாரதிக்குத் தண்டவாளம் தெரியாது, எந்த மாதத்தில் யானை குளத்துக்கு இறங்கும் என்பது பாதையோரத்துச் சனத்துக்கும் ரயில் ஓட்டுகிறவருக்கும் தெரிந்த விசயம். அவர்களை உட்கார வைத்துக் கேட்காத நிபுணர் ஆய்வு அரைகுறை.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 9 ஆம் பிரிவு. வெளிநாட்டுக் காசில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம், அல்லது உள்நாட்டுக் காசில் ஐந்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் எதுவானாலும், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னமே அதன் தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அமைச்சர் அறிவிக்க வேண்டும். அவசரத் திட்டத்துக்கு மட்டும் ஒரு கிழமை போதும். நாங்கள் கேட்காமலே தர வேண்டிய தகவல் இது. தராவிட்டால் கேட்கலாம்: பிரதேச செயலகத்திலும் அமைச்சிலும் ரயில்வே திணைக்களத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார், விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தரைவழித் தொடர்பின் சாத்தியக்கூற்று ஆய்வில் திருகோணமலைக்கு எத்தனை வழிகளைப் பார்த்தார்கள் என்பதை முதல் கேள்வியாக எழுதலாம். மூர்சம் கண்டிக்கு ஆறு பார்த்தார்.